மவ்ராவுக்கு மட்டும் ஒரு வாய்க்கூடை

அவ்லோனா, கார்பதோஸ் தீவு
15 செப்டம்பர் 1957

மினாஸ்,

நேற்று சிலுவைத் திருநாள். விதைத் தானியத்தில் ஒரு கைப்பிடி எடுத்துத் துணியில் முடிந்து, ஒரு மாதுளையும் ஒரு பூண்டும் கூட வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். பாதிரியார் எல்லார் வீட்டு முடிச்சுக்கும் சேர்த்து ஆசீர்வாதம் செய்தார். கோயிலில் கொடுத்த துளசியைப் போட்டுப் புளித்த மாவு புதிதாகக் கரைத்து வைத்திருக்கிறேன். இந்த வருடத்து ரொட்டிக்குக் குறையில்லை. அடுத்த வருடத்து ரொட்டி எங்கிருந்து வரும் என்று நீதான் சொல்ல வேண்டும்.

முதலில் காலைப் பற்றி எழுது. உன்னைக் கப்பலில் ஏற்றும்போது அது பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. பிரேயஸ் ஆஸ்பத்திரியில் என்ன சொல்கிறார்கள்? வலி இல்லை என்று மட்டும் எழுதாதே, நம்ப மாட்டேன். என் எழுத்து கோணலாக இருக்கிறது என்று சிரிக்கவும் சிரிக்காதே. இது மண்வெட்டி பிடிக்கிற கை.

களத்தில் நடந்ததை நீ அங்கே பக்கத்துக் கட்டில்காரனிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மறுபடி மறுபடி படி.

களத்தில் கிடந்தது நம் கோதுமை. நம் கனேலாவும் உன் அண்ணன் நிக்கீதாஸின் மவ்ராவும் கதிரை மிதித்தபடி பிணையலில் சுற்றிக்கொண்டிருந்தன. நம் வீட்டில் ஒரு மாடு, அவர் வீட்டில் ஒரு மாடு. கன்றாக இருந்த நாளிலிருந்து இரண்டும் ஒரே நுகத்தடிக்குப் பழகியவை. உழவென்றாலும் கதிரடியென்றாலும் முதலில் ஒரு வீடு, அப்புறம் மற்ற வீடு, அப்படித்தானே இத்தனை வருடம் இரண்டு குடும்பமும் சாப்பிட்டோம்? அன்றைக்கு நீ என்ன செய்தாய்? மவ்ராவுக்கு மட்டும் வாய்க்கூடை கட்டினாய். நம் மாடு குனிந்து வேண்டியமட்டும் தின்னலாம், அண்ணன் மாடு நம் தானியத்தில் ஒரு வாய் வைக்கக் கூடாது. "கழட்டித் தொலை, மச்சான் வர்றாரு" என்று நான் சொன்னேன். கேட்டாயா?

அவர் வந்தார், பார்த்தார். "பொண்டாட்டி நெலத்துல பொழைக்கிறவனுக்கு இவ்வளவு கணக்கா?" என்றார். அது தப்புத்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. இந்தத் தீவில் அம்மா நிலம் மூத்த மகளுக்கு, அப்பா நிலம் மூத்த மகனுக்கு. எனக்கு வந்தது, உனக்கு வரவில்லை. அதில் உனக்கு என்ன மானக்கேடு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் நீ திருப்பிச் சொன்னாயே ஒரு சொல்! "புள்ளையில்லாத வீட்டுக்கு எதுக்கு இவ்வளவு தானியம்? எலிக்குச் சேக்குறியா?"

உன் அண்ணி ரிகோபுலா அக்கா உனக்குப் பின்னால் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள், மினாஸ். குடத்தை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த வெயிலில் யாருக்கும் அந்தத் தண்ணீரைக் குடிக்க மனம் வரவில்லை.

அதோடு விட்டாயா? கலப்பையைப் பிரிக்கிறேன் என்று கிளம்பினாய். மரம் உனக்கு, இரும்புக் கொழு அவருக்கு என்று உங்கள் அப்பா கொடுத்துவிட்டுப் போன கலப்பை. "அவன் இரும்பு என் தொழுவத்துல இருக்கக் கூடாது" என்று சுத்தியலால் தட்டினாய். கொழு கழன்று உன் காலிலேயே விழுந்தது. இப்போது மரம் நம் தொழுவத்தில், இரும்பு அவர் தொழுவத்தில், நீ ஆஸ்பத்திரியில்.

மழை வருவதற்குள் ஒரு வழி சொல்.

தெமெலினா


பிரேயஸ்
2 அக்டோபர் 1957

தெமெலினா,

கடிதமா அது? என்னைக் கூண்டில் ஏற்றி நிறுத்திவிட்டாய். மறுபடி மறுபடி படி என்று தண்டனை வேறு.

நீ கப்பலில் கொடுத்தனுப்பிய பார்லி ரஸ்க்கும் பாலாடையும் வந்து சேர்ந்தன. பக்கத்துக் கட்டிலில் வடக்கு மலைக்காரன் ஒருவன், ஸாரந்தோஸ் என்று பெயர். தண்ணீரில் நனைத்துத் தின்ன வேண்டும் என்று நான் சொல்வதற்குள் கடித்துவிட்டான். பல் உடைந்தது. "இதைச் சாப்பிடவா செய்றீங்க, சுவர் கட்டவா?" என்று கேட்கிறான். இங்கே கொடுக்கிற ரொட்டி பஞ்சு மாதிரி வெள்ளையாக இருக்கிறது. வாயில் போட்டால் காணாமல் போகிறது. எதைத் தின்றோம் என்றே தெரிவதில்லை.

கால் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு முறை கீறிச் சீழ் எடுத்தார்கள். டாக்டர் சின்னப் பையன். தினமும் வருகிறான், முகர்ந்து பார்க்கிறான், "பார்க்கலாம்" என்கிறான். என்னத்தைப் பார்ப்பது என்று கேட்டால் அதற்கும் பார்க்கலாம்தான்.

வாய்க்கூடை விஷயத்துக்கு வருகிறேன். மவ்ராவைப் போல ஒரு தீனிப்பண்டாரத்தை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? ஒரு சுற்றுக்கு ஒரு கட்டுக் கதிர் உள்ளே போகும். அண்ணன் களத்தில் கனேலா தின்றபோது அவன் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான் என்பாய். அவன் பார்ப்பான். மலையடி நிலம் முழுக்க அப்பாவிடமிருந்து அவனுக்கு வந்தது. எனக்கு அப்பா கொடுத்தது ஒரு கலப்பை மரம். இரும்புகூட இல்லை, வெறும் மரம். எனக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். நான் ஒரு வாய் தானியத்துக்குக் கணக்குப் பார்த்தால் ஊரே பல்லைக் காட்டுகிறது.

அவன் இல்லாமல் உழ முடியாதா? முடியும். இதோ வழி. கொழுவைப் பக்கத்து வயல் யோர்கிஸிடம் இரவல் கேள், அவனிடம் இரண்டு இருக்கிறது. விதவை காலித்ஸாவின் காளையைக் கனேலாவோடு பூட்டு. அது சரிப்படவில்லையா, நம் கழுதையைப் பூட்டு. என் தகப்பனின் தகப்பன் கழுதையைப் பூட்டி உழுதிருக்கிறார். மூத்தவள் மரூக்கா கயிற்றைப் பிடிக்கட்டும், நீ மேழியைப் பிடி. மேல் படிவயலை முதலில் முடித்துவிடு, அங்கேதான் ஈரம் சீக்கிரம் போகும்.

அண்ணனிடம் என் பெயரைச் சொல்லி எதுவும் கேட்காதே. அது மட்டும் வேண்டாம்.

மினாஸ்


அவ்லோனா
27 அக்டோபர் 1957

மினாஸ்,

மழை வந்துவிட்டது. நேற்று முன்தினம் ஆரம்பித்து நேற்றுப் பகல் முழுக்க நின்று பெய்தது. காலையில் மண்ணை அள்ளிப் பிடித்துப் பார்த்தேன். அப்படி ஒரு பதம். எனக்கு அழுகைதான் வந்தது.

ஊரே வயலில் இருக்கிறது. நாலா பக்கமும் மாட்டை அதட்டுகிற சத்தம். நம் வயலில் மட்டும் காக்கை.

உன் வழிகளை எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். யோர்கிஸிடம் கொழு கேட்டேன். "அண்ணன் தம்பி ஏருக்குள்ள நான் கால வைக்க மாட்டேன் தாயி. இன்னிக்கு உனக்குக் கொடுத்தா நாளைக்கு நிக்கீதாஸ் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பிரிந்த ஜோடியின் வயலில் யார் வந்து உழுதாலும் அவர் ஒரு பக்கம் சேர்ந்தார் என்றுதானே இங்கே அர்த்தம்? மற்றவர்கள் சண்டையில் நாமும் அப்படித்தானே நடந்துகொண்டோம்?

காலித்ஸா பாவம், காளையைக் கொடுத்தாள். ஓட்டிவந்து பக்கத்தில் நிறுத்தினால் இரண்டும் வலத்து மாடு. கனேலா இடப்பக்கம் போக மாட்டேன் என்கிறது, காளையும் போக மாட்டேன் என்கிறது. ஒன்றை ஒன்று முட்டித் தள்ளியதில் வரப்புச் சுவரில் பாதி சரிந்து கீழ் வயலில் கிடக்கிறது. கழுதை கதையைக் கேள். கொழு இல்லாமல் வெறும் மரத்தோடு பழக்கிப் பார்க்கலாம் என்று பூட்டினேன். நாலடி நடந்தது, படுத்துக்கொண்டது. மரூக்கா சிரித்தாள், சின்னவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. உன் தாத்தா எந்தக் கழுதையைப் பூட்டினாரோ!

கடைசியில் மச்சான் வீட்டுக்குப் போனேன். உன் பெயரைச் சொல்லவில்லை, என் பெயரைச் சொல்லிப் போனேன். நிலம் என்னுடையதுதானே. தொழுவ வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார்.

"மச்சான், மழை வந்துடுச்சு" என்றேன்.

"எனக்கும்தான் வந்துருக்கு. என் வயலும் சும்மாதான் கிடக்கு" என்றார்.

"கனேலாவை ஓட்டிக்கிட்டு வர்றேன். மொதல்ல உங்க வயல உழுங்க. அப்புறம் எனக்கு."

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். "அவன் எழுதட்டும், தெமெலினா. ஒரே ஒரு வரி. எனக்கு வேணாம், என்னை ஆயிரம் சொல்லட்டும், நானும்தான் சொன்னேன். ரிகோபுலாவுக்கு எழுதச் சொல்லு. அன்னைக்கு அவ காதால கேட்டா. தப்புன்னு அவன் எழுதினத அவ கண்ணால படிக்கணும். வந்த மறுநாள் காலைல மவ்ராவ நானே ஓட்டிக்கிட்டு வர்றேன். கொழுவையும் கொண்டாறேன்."

"எழுதலைன்னா?"

"எழுதலைன்னா ரெண்டு வீடும் பட்டினி. நான் என்ன பண்ண? என் வீட்டுக்குள்ள அவ முகத்த நான்தானே பாக்குறேன்?"

ஒரு வரி கேட்கிறார் மினாஸ். நீ நல்லவன் என்று எழுதச் சொல்லவில்லை, காலில் விழச் சொல்லவில்லை. ஒரு வரி. கப்பல் வியாழக்கிழமை. எழுது.

தெமெலினா


பிரேயஸ்
9 நவம்பர் 1957

தெமெலினா,

எழுத மாட்டேன்.

வேறு என்ன கேட்டாலும் செய்கிறேன். இதைக் கேட்காதே. முதலில் பேசியது யார்? ஊர் முழுக்கக் களத்தில் நிற்கும்போது பொண்டாட்டி நிலத்தில் பிழைக்கிறவன் என்று என்னைச் சொன்னது யார்? அதற்கு எனக்கு யார் ஒரு வரி எழுதினார்கள்? அண்ணி காதில் விழும் என்று நான் நினைத்தா பேசினேன்? பின்னால் ஆள் நிற்பது எனக்கு எப்படித் தெரியும்? இப்போது நான் எழுதினால் அந்தக் காகிதம் ஊரில் வீடு வீடாகப் போகும். ஆஸ்பத்திரியில் கிடந்து மாட்டுக்காகப் பிச்சை கேட்டான் மினாஸ் என்று காப்பிக் கடையில் படிப்பார்கள்.

"நிலம் என்னுடையதுதானே" என்று எழுதியிருக்கிறாய். நல்லது. நீயும் சொல்லிவிட்டாய். உன் நிலம், நீயே பார்த்துக்கொள்.

மண்வெட்டியால் கீழ்ப்படியைக் கொத்திப் பார்லி போடு. அது போதும் உங்கள் மூன்று பேருக்கு. நான் இங்கே பஞ்சு ரொட்டி தின்றுகொள்கிறேன்.

இப்போது இரண்டு டாக்டர்கள் வருகிறார்கள். பெரியவர் என்னிடம் ஒன்றும் பேசுவதில்லை, சின்னவனிடம் மெதுவாகப் பேசுகிறார். ஸாரந்தோஸ் நேற்று வீட்டுக்குப் போய்விட்டான். போகும்போது நம் ரஸ்க்கில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டான். இப்போது நனைத்துத் தின்னக் கற்றுக்கொண்டான். அந்தக் கட்டில் காலியாக இருக்கிறது.

மினாஸ்


அவ்லோனா
22 நவம்பர் 1957

மினாஸ்,

நீ எழுதிய கடைசிக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். பிள்ளைகள் படித்துவிடக் கூடாது என்பதற்காக.

நேற்று விதைப்பு மாதாவின் திருநாள். பாதி விதைப்பாவது முடித்திருக்க வேண்டிய நாள். எல்லார் வீட்டிலும் கோதுமை, பார்லி, கடலை, அவரை, பயறு என்று வீட்டில் இருக்கிற தானியமெல்லாம் ஒரே பானையில் வெந்தது. நானும் வேகவைத்தேன், விதைக்காதவளுக்கு என்ன திருநாள் என்று இருந்தாலும். மரூக்கா முதல் கரண்டியைக் கனேலாவுக்குக் கொண்டுபோனாள். உழுகிற மாட்டுக்குத்தான் முதல் கரண்டி என்று அவளுக்குத் தெரியும். உழாத மாட்டுக்கு உண்டா என்று என்னைக் கேட்டாள். கொடு என்றேன்.

ஒரு தட்டு எடுத்துக்கொண்டு ரிகோபுலா அக்கா வீட்டுக்குப் போனேன். தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவாளோ என்று பயம். வாங்கிக்கொண்டாள். நின்றபடியே ஒரு வாய் சாப்பிட்டாள். "உப்பு கம்மி" என்றாள். அப்புறம் என் கையைப் பார்த்தாள். கொப்புளம் உடைந்து துணி சுற்றியிருந்தேன். உள்ளே போய் எண்ணெய் கொண்டுவந்து தடவினாள்.

"எனக்கு அவன் மேல கோவம் இல்லடி" என்றாள். "சின்னப் பையனா இருந்தப்ப என் கையாலதான் அவனுக்கு ரொட்டி போட்டேன். ஆனா களத்துப் பக்கம் போனா அந்தச் சத்தம் இன்னும் கேக்குது. அவன் வரிய நான் படிச்சா நின்னுடுமோ என்னவோ. நிக்காமலும் போகலாம்."

தட்டை அவள் கழுவி வெறும் தட்டாகத் தரவில்லை. நிறைய உலர்ந்த அத்திப்பழம் வைத்துக் கொடுத்தாள்.

மண்வெட்டியால் கொத்து என்றாய். கொத்துகிறேன். நானும் பிள்ளைகளும் விடிந்ததிலிருந்து கொத்தினால் ஒரு கோழி தின்கிற அளவுக்கு இடம் ஆகிறது. பக்கத்து வயல்களில் பச்சை தெரிய ஆரம்பித்துவிட்டது. நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

இனி வரப்போவதைக் கேள். ரோட்ஸிலிருந்து மாட்டு வியாபாரி வந்திருந்தான். மச்சானிடம் வைக்கோல் தீர்ந்துவிட்டது. உழவும் இல்லாமல் மாட்டை வைத்து என்ன செய்வது, மாவு வாங்கவாவது ஆகும் என்று மவ்ராவுக்கு விலை பேசிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய கப்பலில் ஏற்றப் போகிறார்கள். கடை மாவு, மினாஸ்! உப்பும் மண்ணெண்ணெயும் தவிர இந்த ஊருக்குள் யாராவது எதையாவது வாங்கி வந்திருக்கிறோமா? மச்சான் இதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துத்தான் சொன்னார். "அதுக்குள்ள அவன் எழுதினா வித்தத ரத்து பண்ணிடுவேன்" என்றார்.

உன் கையெழுத்தில் நானே எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன். உன் எழுத்து எனக்கு வரும். உட்கார்ந்து ஆரம்பித்தும் விட்டேன். "அண்ணி" என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அவளை ஏமாற்ற முடியவில்லை.

இதற்கு மேல் கேட்க மாட்டேன். கேட்டுக் கேட்டு என் வாய் வலிக்கிறது.

தெமெலினா


பிரேயஸ்
3 டிசம்பர் 1957

தெமெலினா,

இதை உட்கார்ந்து எழுதுகிறேன். இன்றைக்குத்தான் உட்கார விட்டார்கள்.

கால் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உன் கடிதம் வந்தபோது நான் நினைவில்லாமல் கிடந்தேன், செவிலி தலையணைக்குக் கீழே வைத்திருந்தாள். விழித்ததும் முதலில் அதைத்தான் படித்தேன். காலை அப்புறம்தான் பார்த்தேன்.

அழாதே. நான் அழுது முடித்துவிட்டேன்.

இனி நான் மேழி பிடிக்கப் போவதில்லை. அந்தப் படிவயல்களில் இரண்டு கால்காரனே தடுமாறுவான். இந்த வருடம் மட்டும் அண்ணன் வேண்டும் என்று நினைத்தேன், அதுவும் வேண்டாம் என்று திமிராக இருந்தேன். இப்போது எனக்கு ஆயுசு முழுக்க அவன் வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. அப்படியும் இருக்கலாம், எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஆனால் அண்ணி உன் கைக்கு எண்ணெய் தடவியதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. காலுக்காக அழுததைவிட அதற்கு அதிகமாக அழுதேன்.

கூட வைத்திருக்கும் காகிதம் அவளுக்கு. நீ படித்தாலும் பரவாயில்லை. காப்பிக் கடையில் படித்தாலும் பரவாயில்லை.

ஓடிப்போய்க் கொடு.

மினாஸ்

(கூட இருந்த காகிதம்)

அண்ணி,

நான் சொன்னது தப்பு. உன் வீட்டுத் தானியம் எலிக்குச் சேர்த்ததில்லை. அப்பா செத்த வருடம் அதே தானியத்தில்தான் நீ எனக்கு ரொட்டி சுட்டுப் போட்டாய். நான் தின்று வளர்ந்தேன். அதைத் தின்ற வாயாலேயே அப்படிச் சொன்னேன். மவ்ராவுக்கு வாய்க்கூடை கட்டியதும் அதே கைதான். என்னை மன்னித்துவிடு. முடியாவிட்டாலும் மாட்டைக் கொடுக்கச் சொல், தெமெலினாவும் பிள்ளைகளும் உனக்கு ஒரு தப்பும் செய்யவில்லை.

மினாஸ்


அவ்லோனா
28 டிசம்பர் 1957

என் மினாஸ்,

உன் காலை நினைத்து நான் எங்கே உட்கார்ந்து அழுவது? அழுவதற்குக்கூட வரிசை நிற்கிறது. நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீ எழுதிய கடிதம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரவில்லை. மாதம் பிறந்ததிலிருந்து தெற்குக் காற்று. கப்பல் ரோட்ஸ் துறைமுகத்திலேயே முடங்கிக் கிடந்தது. நேற்றுத்தான் கடல் கொஞ்சம் அடங்கியது, நம் துறை தியாபானிக்குக் கப்பல் வருகிறது என்று ஆள் வந்து சொன்னான். வியாபாரியும் அதில்தான் வந்தான்.

மச்சான் மவ்ராவை ஓட்டிக்கொண்டு மலையிறங்கினார். ரிகோபுலா அக்கா கூடப் போனாள். நானும் பின்னாலேயே போனேன், தபால் பையில் ஏதாவது இருக்காதா என்று. மவ்ரா வழியில் கிடைத்ததையெல்லாம் தின்றுகொண்டு வந்தது. தீனிப்பண்டாரம் என்று நீ சொன்னது சரிதான்.

அங்கே கப்பல் கரைக்கு வராது என்பது உனக்குத் தெரியும். முதல் படகில் மச்சான் ஏறி மவ்ராவின் கொம்பைப் பிடித்துக்கொண்டார், அது பக்கத்திலேயே நீந்திப் போனது. அந்தப் படகு அங்கே போய்ச் சேரும்போதுதான் தபால் படகு இங்கே வந்தது. என் பெயரைக் கூப்பிட்டார்கள். அங்கேயே பிரித்தேன். கால் போய்விட்டது என்ற வரியைப் படித்தேன், அதற்கு மேல் படிக்க முடியவில்லை. உள்ளே இன்னொரு காகிதம். அண்ணி என்று இருந்தது. அக்கா கடலுக்கு முதுகைக் காட்டிக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் போட்டேன்.

அவள் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். அப்புறம் எழுந்து தண்ணீருக்குள் போய்விட்டாள், மினாஸ். பூட்ஸ் காலோடு முழங்கால் வரை இறங்கிப் போய், "நிக்கீதாஸ்! எழுதிட்டான்! எழுதிட்டான்!" என்று கத்தினாள். நானும் கத்தினேன். காற்று எதிர்க்காற்று. மவ்ராவின் வயிற்றுக்குக் கீழே வார் போட்டுத் தூக்கிவிட்டார்கள், நாலு காலும் தொங்கியபடி அது மேலே போய்க்கொண்டிருந்தது. அக்கா காகிதத்தை உயர்த்தி ஆட்டினாள். மச்சான் திரும்பிப் பார்த்தார். மாட்டுக்கு விடை சொல்கிறோம் என்று நினைத்தார் போலிருக்கிறது. அவரும் கையை ஆட்டினார்.

படகு திரும்பி வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. காகிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு மறுபடி படகைத் தள்ளினார். பாதி தூரம் போவதற்குள் கப்பல் நங்கூரத்தை எடுத்துவிட்டது. அவர் எழுந்து நின்று கத்தினாராம். வியாபாரி மேலிருந்து குனிந்து, "வாங்கினது வாங்கினதுதான் பெரியவரே, காத்து திரும்பப் போகுது" என்றானாம். அவனைச் சொல்லி என்ன? அவனுக்கு நம்மைத் தெரியுமா?

இன்றைக்குக் காலையில் மச்சான் கொழுவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சொன்ன சொல்லுக்காக வந்தார், மாடு இல்லாமல். நம் மரத்தில் கொழுவை மாட்டினார். வலப்பக்கம் கனேலாவைப் பூட்டினார். இடப்பக்கம் நுகத்தடியைத் தன் தோளில் வைத்துக்கொண்டார். "வேணாம் மச்சான்" என்று நான் அழுதேன். "நீ விதையை எடு" என்றார். அக்கா மேழியைப் பிடித்தாள்.

கனேலா நகரவில்லை. இடப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. அவர் இழுத்தார், அது நின்றது. அக்கா அதட்டினாள், மரூக்கா முன்னால் போய்க் கயிற்றை இழுத்தாள். நாலடி வந்தது, மறுபடி நின்று திரும்பிப் பார்த்தது. மவ்ரா எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தானே காலெடுத்து வைக்கும், அதற்காக இது நின்று பழகியது. இன்னும் அதற்காகவே நிற்கிறது. மச்சான் முட்டி மடங்கி விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். ஒரு சால்கூட முழுசாக ஓடவில்லை.

நுகத்தடியைக் கழற்றிவிட்டுச் சுவரில் உட்கார்ந்தோம். யோர்கிஸ் தன் வயலிலிருந்து வந்தான், இப்போது சண்டை இல்லையே, தன் ஜோடியைத் தருகிறேன் என்றான். அப்புறம் அவனே மண்ணை உதைத்துப் பார்த்துவிட்டு, "இனிமே போட்டா கதிர் பால் பிடிக்குறதுக்குள்ள வெயில் தின்னுடும். வைக்கோல்தான் வரும்" என்றான். இருக்கிற விதையையும் மண்ணில் போட்டு இழக்க எனக்குத் தைரியம் இல்லை. அரைத்துத் தின்னப் போகிறோம். கோயிலில் ஆசீர்வாதம் வாங்கிய முடிச்சை மட்டும் இன்னும் அவிழ்க்கவில்லை.

மச்சான் கேட்டார், "கால எதுவரைக்கும் எடுத்தாங்க?" என்று. என் காலில் கையை வைத்துக் காட்டினேன். அவர் தன் காலையே பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கொழு அவர் பக்கத்தில்தான் கிடந்தது.

அன்றைக்கு உன் எழுத்தில் நானே எழுதியிருக்கலாம், மினாஸ். எழுதியிருக்க வேண்டும். அவளை ஏமாற்றியிருந்தால் மவ்ரா இப்போது தொழுவத்தில் இருக்கும். யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. காற்றின் மேலா?

அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. மறுபடி தெற்குக் காற்று கிளம்பிவிட்டது. வரும்போது இதைக் கொடுப்பேன்.

உன் தெமெலினா


பிரேயஸ்
6 ஜனவரி 1958

என் தெமெலினா,

தீவுக் கடல் மூடிக் கிடக்கிறது, உன் கடிதம் வரவில்லை. பரவாயில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ரோட்ஸ் கப்பல் போயிருக்கும் என்று இங்கே ஒரு மாலுமி சத்தியம் செய்கிறான். அப்படியென்றால் என் காகிதம் நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். அதனால் நீ எழுதாமலே எனக்கு எல்லாம் தெரியும்.

ஊன்றுகோல் கொடுத்திருக்கிறார்கள். வராந்தாவின் கோடி வரை போய் வருகிறேன். டாக்டர் பையன் கைதட்டுகிறான். இரண்டு மாதத்தில் வீட்டுக்கு விடுவார்களாம். மலைப்பாதையில் என்னைக் கழுதை மேல் உட்காரவைத்துத்தான் ஏற்ற வேண்டும். அது படுத்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

இங்கே படுத்துக்கொண்டு தினமும் நான் நம் வயலை உழுகிறேன். அண்ணன் மேழியைப் பிடித்திருக்கிறான், எனக்குத் தெரியும், அவன் கோடு என் கோட்டைவிட நேராக இருக்கும். இதை அவனிடம் சொல்லாதே. இல்லை, சொல். இந்நேரம் மேல் படி முளைத்திருக்கும். கீழ்ப்படியில் நீ கொத்திய இடம் அதற்கு முன்னாலேயே பச்சையாகியிருக்கும். அண்ணி என்ன சொன்னாள்? ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தாலும் அதையும் எழுது.

கதிரடிக்கு நான் வந்துவிடுவேன். என்னைக் களத்து ஓரத்தில் உட்காரவைத்துவிடு, வேறு எதற்கும் உதவ மாட்டேன், ஈ ஓட்டுகிறேன். வாய்க்கூடை தொழுவத்தில் ஆணியில் தொங்குகிறது. அதை எடுத்து அடுப்பில் போடு. மவ்ரா தின்னட்டும். நம் எல்லார் கண் முன்னாலேயும் வயிறு முட்டத் தின்னட்டும், நான் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேன்.

மிச்சம் ஏதாவது வயல் இருந்தால் அண்ணனிடம் ஒன்று சொல். கனேலா நடுவில் நின்றுவிட்டால் அடிக்க வேண்டாம். மவ்ரா வரட்டும் என்றுதான் அது நிற்கும். வந்ததும் தானாக நடக்கும்.

மினாஸ்